பச்சையை அமுக்கினால் ஓட வேண்டும்

எங்கள் அய்யா செய்தி பார்க்கிற ஆள் இல்லை, செய்தியோடு சண்டை போடுகிற ஆள். எங்கள் பக்கத்தில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, டிவிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் இவரும் பதில் வணக்கம் சொல்வார். மரியாதை அதோடு சரி. விவசாயத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், "ஏலே, நீ என்னைக்காவது வரப்புல கால வச்சிருக்கியா? பேச வந்துட்டான்!" என்று எழுந்து நின்றுவிடுவார். மழை வரும் என்று நேற்றுச் சொல்லி, வராமல் போயிருந்தால், இன்றைக்கு வானிலை சொல்ல வருகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

எங்கள் ஊர் நயினார்கோவிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அம்மா போனபிறகு அய்யா அங்கே தனியாக இருக்கிறார். வயது எண்பதைத் தொட்டாகிவிட்டது. நெல் வயலைப் பக்கத்துக்காரரிடம், விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு விட்டுவிட்டார். மிளகாய்க் கொல்லையை மட்டும் யாருக்கும் விடவில்லை. விடியக்காலையில் கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டு, செடிக்குத் தண்ணீர் பாய்ச்சி, தானே அணைத்துவிட்டு வருவார். நான் ராமநாதபுரத்தில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் ஒரு வாரத்துக்கான குழம்புப் பொடி, இட்லி மாவு எல்லாம் செய்து வைத்துவிட்டு வருவேன். அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறார்.

அய்யா போடுகிற சத்தம் எதிர்வீடு வரைக்கும் கேட்கும். அங்கே எனக்குச் சின்னம்மா முறை ஆகிறவர் இருக்கிறார். அவர்தான் ஒருமுறை சொன்னார்: "உங்கய்யா வையிற சத்தம் கேட்டுச்சுன்னா, சரி, மனுசன் நல்லா இருக்காருன்னு நான் என் சோலியப் பாப்பேன்." எனக்கு அந்தப் பேச்சு பெரிய நிம்மதி. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எனக்கு அய்யாவின் உடம்பைப் பற்றிச் சேதி சொல்ல அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

அந்தப் பழைய, முதுகு பெருத்த டிவி புரட்டாசியில் உயிரை விட்டது. அண்ணனுக்குச் சேதி போனது. தீபாவளிக்கு முன்னாலேயே வண்டியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே அகலமான ஸ்மார்ட் டிவி. மாட்டிக் கொடுக்க வந்த ஆள் சுவரில் துளை போட்டு மாட்டி, ரிமோட்டை அய்யா கையில் கொடுத்து, அவசரமாக எதையோ விளக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றைக்குச் செய்தி ஓடியது. அண்ணன் போனில் கேட்டபோது அய்யா, "பெரிய படமா இருக்குப்பா, மூஞ்சிக்கு முன்னால நின்னு பேசுற மாதிரி இருக்கு," என்றார். எல்லோருக்கும் சந்தோஷம்.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது.

எங்கள் ஊரில் டிவியை நிறுத்துவது என்றால் ரிமோட்டை அமுக்குவது இல்லை, வயரைப் பிடுங்குவது. இது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. எங்கள் ஊரைச் சுற்றி வெட்டவெளி. பனைமரத்தை விட்டால் உயரமாக ஒன்றும் கிடையாது. இடி இறங்கினால் பனையில் இறங்கும், இல்லாவிட்டால் கம்பி வழியாக வீட்டுக்குள் வரும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரே இடியில் எங்கள் தெருவில் பாதி டிவி கருகிப்போனது. அதிலிருந்து கிழக்கே மேகம் கறுத்தால் வயரைப் பிடுங்குவார்கள். வெளியே கிளம்பினால் பிடுங்குவார்கள். படுக்கப் போகும்போது கதவைத் தாழ்ப்பாள் போடுகிற மாதிரி அதையும் ஒரு வேலையாகச் செய்வார்கள். அய்யா ஒரு நாளும் அதில் தவறியதில்லை.

வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினால் பழைய டிவி நேராகச் செய்திக்குப் போய்விடும். புது டிவி அப்படி இல்லை. முதலில் கம்பெனி பெயர் வரும். பிறகு வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் வரும். அதற்கு நடுவில் யார் பார்க்கிறீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு கேள்வி வரும். கேபிள் பெட்டியின் படம் எங்கோ உள்ளே ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடிக்க ரிமோட்டில் ஐந்தாறு பொத்தான்களை வரிசை தப்பாமல் அமுக்க வேண்டும். அய்யாவின் விரல் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல். ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இருக்கிற இரண்டும் சேர்ந்து அமுங்கும். "என் வீட்டுக்குள்ள வந்து தொங்கிக்கிட்டு, நான் யாருன்னு என்னையவே கேக்குது," என்றார் என்னிடம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அண்ணன் சென்னையிலிருந்து போனிலேயே சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். "அய்யா, அந்த வட்டமா இருக்குல்ல, அத அமுக்குங்க. இல்ல, அது இல்ல. பக்கத்துல. ஐயோ, அது இல்லங்கய்யா, எங்க போறீங்க? திரும்பி வாங்க." பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். போகப் போகக் குரல் ஏறியது. ஊரில் யாருக்கும் அடங்காத மனுஷன் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார். பிறகு போனை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அண்ணன் குரல் ஸ்டூல் மேலிருந்து பேசிக்கொண்டே இருந்தது. எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அடுத்த வாரம் போனபோது அந்தப் பெரிய டிவியை ஒரு பழைய வேட்டியால் மூடி வைத்திருந்தார். சின்னம்மாதான் தெருவில் என்னை நிறுத்திச் சொன்னார்: "ஏ ஆத்தா, ஏழு மணியானா உங்க வீடு கப்சிப்புன்னு கெடக்கு. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுடி. ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனேன். இருட்டுல சும்மா உக்காந்திருக்காரு."

அன்று ராத்திரியே அண்ணனிடமிருந்து போன். அவர் ஒரு முடிவோடு பேசினார். "அய்யாவுக்கு மறதி வந்துருச்சு. நேத்துச் சொன்னது இன்னைக்கு ஞாபகம் இல்ல. ஒரு டிவியப் போடத் தெரியாதவர எப்படித் தனியா விடுறது? நாளைக்கு அடுப்ப அணைக்க மறந்தா? பொங்கலுக்குக் கார்ல வாரேன். வரும்போது இங்க கூட்டியாந்துடுறேன். லிஃப்ட் இருக்கு, டாக்டர் பக்கத்துல இருக்காரு, பேரப்பிள்ளைக இருக்கு." அண்ணன் கெட்டவர் இல்லை. அவருக்கு அய்யா மேல் இருக்கிற பாசத்துக்கு நான் சாட்சி. ஆனால் சென்னையில் அந்த ஐந்தாவது மாடி வீட்டில் அய்யா யாரோடு சண்டை போடுவார்? மிளகாய்ச் செடிக்கு யார் தண்ணீர் பாய்ச்சுவார்? போனை வைத்துவிட்டேன்.

அய்யாவிடம் அண்ணன் ஏற்கெனவே பேசியிருந்தார். அவர் ஒரு கத்துக் கத்துவார், அண்ணன் வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டபோது அய்யா மிளகாய்ச் செடியைப் பார்த்துக்கொண்டே, "அவன் கூப்புட்டா போக வேண்டியதுதான், என்ன செய்ய?" என்றார். மந்திரிகளை எல்லாம் நிற்கவைத்துக் கேள்வி கேட்ட வாய் அது. எண்பது வருஷம் வாழ்ந்த வீட்டில் இந்த மனுஷன் இருப்பதா, போவதா என்பது ஒரு சாண் நீள ரிமோட்டில் வந்து நிற்கிறதே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. பொங்கலுக்குள் அய்யா தன் கையால் டிவியைப் போட வேண்டும், அண்ணன் அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். ரிமோட்டில் வேண்டாத பொத்தான்கள் மேல் டேப் ஒட்டினேன். வேண்டிய பொத்தான்களில் சிவப்பு நகப்பூச்சு வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று அய்யாவுக்குப் பாடம் எடுத்தேன். அவரும் முட்டி மோதிப் பார்த்தார். ஒரு தடவை வந்தது. வயரைப் பிடுங்கிச் செருகியதும் திரும்பவும் "நீ யார்" என்று கேட்டது. அமுக்கினால் டிவி உடனே அசைவது இல்லை. அசையவில்லையே என்று இவர் இன்னொரு தடவை அமுக்குவார். அந்த இரண்டாவது அமுக்கில் அது வேறு எங்கோ போய்விடும். ரிமோட்டில் பேசினால் கேட்கும் என்று ஒரு வசதி இருந்தது. "செவுத்தப் பாத்துப் பேசுறவன்னு பேரு வாங்கவா?" என்று அதைத் தொடவே மறுத்துவிட்டார்.

"வயரப் பிடுங்காதீங்கய்யா. அப்படியே விட்டீங்கன்னா இந்தத் தொல்லையே இல்ல," என்று கத்திவிட்டேன்.

"இடி எறங்குனா நீ வந்து புடுங்குவியா?" என்றார். பிறகு ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு மறதி எல்லாம் இல்ல தாயி. மோட்டாருல பச்சைய அமுக்குனா ஓடுது, செவப்ப அமுக்குனா நிக்குது. அத இருட்டுலகூட நான் தப்பாப் போட்டதில்ல. இதுக்கு எதுக்கு இத்தன பட்டன்?"

கேள்வி ஞாயமானது. ஆனால் நான் அப்போது டேப்பை உரிப்பதிலேயே இருந்தேன்.

பேருந்தில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். என் கடைக்கு ஒரு ஆச்சி ரவிக்கை தைக்க வந்தால், தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தாலும், முதுகு கூனியிருந்தாலும், அதற்குத் தகுந்தபடிதான் துணியை வெட்டுவேன். துணி நன்றாக உட்கார வேண்டும், நீங்கள் நிமிர்ந்து நில்லுங்கள் என்று எந்தத் தையல்காரியும் சொல்ல மாட்டாள். இந்த இரண்டு மாதமாக நானும் அண்ணனும் செய்துகொண்டிருந்தது அதைத்தான். அய்யா வயரைப் பிடுங்கத்தான் செய்வார். பிடுங்கினாலும் கோபித்துக்கொள்ளாத டிவி வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் மத்தியானம் கடையை மூடிவிட்டு டிவி வாங்கக் கிளம்பினேன். முதல் கடையில் நுழைந்து, "ஸ்மார்ட் இல்லாத டிவி வேணும்," என்றேன். விற்கிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் இப்ப யாரு வாங்குறாங்கக்கா? இந்தா, இதுல நெட்டு, சினிமா எல்லாம் வரும், பேசுனாலே கேக்கும்."

"பேச வேணாம். இதோட வயரப் பிடுங்கித் திரும்பச் செருகுங்க, என்ன வருதுன்னு பாப்போம்."

"வயரையா? ஓடும்போது பிடுங்கக் கூடாதுக்கா."

"எங்க வீட்டுல பிடுங்குவாங்க. அதான் இங்கயே பாத்துக்கிறேன்."

அந்தக் கடையில் பிடுங்க விடவில்லை. அடுத்த கடையில் விட்டார்கள். திரும்பச் செருகியதும் அந்த டிவி சிவப்பு விளக்கை மட்டும் காட்டிக்கொண்டு, ரிமோட்டை அமுக்கினால்தான் ஆச்சு என்று அடம்பிடித்தது. இன்னொரு கடையில் நீலத் திரை வந்து அப்படியே நின்றது. கடை கடையாக ஏறி இறங்கினேன். வயர் பிடுங்குகிற அக்கா வந்திருக்கிறாள் என்று அந்தத் தெருவில் எனக்குப் பேரே விழுந்திருக்கும். அதைப் பற்றி எனக்கு என்ன கவலை?

கடைசியில் ஒரு சின்னக் கடையில், மேல் தட்டில், தூசி படிந்து ஒன்று இருந்தது. அளவும் சின்னது, கம்பெனி பெயரும் யாரும் கேள்விப்படாதது. கேபிள் பெட்டியோடு இணைத்து ஓடவிட்டு, வயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, செருகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு, விட்ட இடத்திலிருந்து, அதே சேனல், அதே சத்தத்தோடு ஓடியது. யார், என்ன என்று ஒரு கேள்வி கிடையாது. இன்னொரு தடவை பிடுங்கச் சொன்னேன். அதற்கும் அது முகம் சுளிக்கவில்லை. "இதக் கட்டுங்க," என்றேன். கடைக்காரருக்கு அதை விற்றுத் தீர்த்ததில் என்னைவிடச் சந்தோஷம்.

ஆட்டோவில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். பெரிய டிவியைக் கழற்றிக் கட்டி என் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதில் படம் பார்த்து என் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். புது டிவியை மேசையில் வைத்து இணைத்து, அய்யாவை வயரைச் செருகச் சொன்னேன். செய்தி வந்தது. அய்யா முகத்தில் ஒரு வெளிச்சம். ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. எங்கள் வீட்டில் டிவி வயரைச் செருகுகிற பிளக் பாயிண்ட் தரையை ஒட்டி இருக்கிறது. முழங்கால் வலிக்க மேசைக்கு அடியில் குனிந்து, தடவித் தடவிச் செருக வேண்டும். வருஷக்கணக்காகப் பிடுங்கிப் பிடுங்கி அந்தத் துளையும் தளர்ந்துபோய், செருகும்போது நீலமாகப் பொறி தெறித்தது. அண்ணன் இதைப் பார்த்தால் அன்றைக்கே அய்யாவைக் காரில் ஏற்றிவிடுவார்.

மறுநாள் காலையில் அய்யாவோடு கிணற்றடிக்குப் போனேன். மோட்டார் அறைக்குள் வெளிச்சம் கிடையாது. அய்யா கதவைத் திறந்து, உள்ளே பார்க்கக்கூட இல்லை, கையை மட்டும் நீட்டிப் பச்சையை அமுக்கினார். டக் என்று சத்தம் வந்தது. மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் இன்னும் வரவில்லை. அய்யா வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு சாவகாசமாக நின்றார். டிவி ரிமோட்டைப் படபடவென்று அமுக்கிய அதே ஆள்தான். குழாய் இருமியது, பிறகு தண்ணீர் பீறிட்டு வந்தது.

அப்போதுதான் அவர் அன்று கேட்ட கேள்வி எனக்கு உறைத்தது. பதில் என் கண்ணுக்கு முன்னாலேயே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே எங்கள் மோட்டாரைப் பார்க்கிற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். "டிவிக்கு ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி வைக்கணும். மோட்டாருக்கு இருக்குற மாதிரி, பச்சையும் செவப்பும்."

அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிடும் போலிருந்தது. "எதுக்கு, டிவியில தண்ணி எறைக்கப் போறீகளா?"

"ஆமா, எறைக்கத்தான் போறோம். வைக்க முடியுமா, முடியாதா?"

முடியும் என்றார். சின்னதாக ஒன்று வாங்கி வந்து, பழைய பிளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, அய்யாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில் மாட்டினார். டிவியும் கேபிள் பெட்டியும் அதிலிருந்துதான் கரண்ட் எடுக்கும். இடி நேரத்தில் பிடுங்குவதற்கென்று அதே உயரத்தில் உறுதியான புது பிளக்கும் வைக்கச் சொன்னேன். பிடுங்கக் கூடாது என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

எல்லாம் முடிந்தபோது சரியாகச் செய்தி நேரம். அய்யா முகம் கழுவிக்கொண்டு வந்தார். பெட்டியை ஒரு முறை பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒருவரும் எதையும் விளக்கவில்லை. கையை நீட்டிப் பச்சையை அமுக்கினார். டக் என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் தலை தானாக ஆடியது. டிவி கறுப்பாகவே இருந்தது. ஐயோ, இன்னொரு தடவை அமுக்கிவிடுவாரோ என்று நான் கையைப் பிசைந்தேன். அய்யா சாவகாசமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பொறு தாயி. தண்ணி ஏறணும்ல?"

தண்ணீர் ஏறியது. வணக்கம் சொன்னார்கள். அய்யாவும் வணக்கம் சொன்னார். இரண்டு மாதச் செய்தி பாக்கி இருந்ததால் அன்றைக்கு யாரையும் விட்டுவைக்கவில்லை. கட்சி பாகுபாடே பார்க்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்து சின்னம்மா கரண்டியோடு தெருவுக்கே வந்துவிட்டார். "அப்பாடி! ஏ ஆத்தா, வந்துருச்சா?" என்று கேட்டார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. ரெண்டையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு அண்ணன் காரில் வந்தார். அண்ணி, பிள்ளைகள், பின்னால் ஒரு புதுப் பெட்டி. சக்கரம் வைத்த பெரிய பெட்டி. அய்யாவின் வேட்டி சட்டைகளை வைப்பதற்கு. அதைத் தூக்கியபோது அது காலியாக ஆடிய சத்தம் எனக்குக் காதில் உறுத்தியது. அண்ணன் உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். "என் டிவி எங்க?" என்றார். பிறகு ஸ்டார்ட்டரைப் பார்த்தார். "இது என்ன கூத்து?"

"ஏழு மணிக்குப் பாருங்கண்ணே," என்றேன்.

ஏழு மணிக்கு முன்னாலேயே, நான் பிள்ளைகளுக்காகப் பச்சையை அமுக்கி ஓடவிட்டிருந்த டிவிக்கு எதிரே அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அய்யா வாசலில் பேரப்பிள்ளைகளுக்குக் கரும்பு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது, டிவி மட்டும் வரவில்லை. அண்ணன் ரிமோட்டை எடுத்து அமுக்கினார். இன்னும் கிட்டத்தில் நீட்டி அமுக்கினார். பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் தேய்த்துப் போட்டார். டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கரண்ட்தான் வந்துருச்சே? வோல்டேஜ் ஏறிப் போச்சு போல. மட்டமான செட்ட வாங்கி வச்சிருக்க," என்று என்னைக் கடிந்துகொண்டார். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினேன். அந்த நிமிஷத்தை எனக்கு யாரும் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் ஆயுசுக்கும் வைத்துக்கொள்வேன்.

அய்யா முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். அண்ணனைத் தாண்டிக் கையை நீட்டிப் பச்சையை அமுக்கினார். டக்.

அண்ணன் விடாமல் ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"அத வைடா. ஏலே, கரண்ட் போயித் திரும்பி வந்தா மோட்டாரு தானா ஓடுமா? ஓடுனா கருகிப் போகாது? நாமதான் பச்சையப் போடணும். பொறு, தண்ணி ஏறட்டும்," என்றார் அய்யா.

அண்ணன் ரிமோட்டை ஸ்டூல் மேல் வைத்தார். படம் வந்தது. அய்யா, "எந்திரி," என்றார். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார். அன்றைக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்ல வந்த தலைவர்களில் ஒருவர் உழவர்களைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அவ்வளவுதான், அய்யா பிடித்துக்கொண்டார். உரம் எப்போது வந்தது, கண்மாய் எப்போது தூர் வாரினீர்கள், மடை உடைந்து எத்தனை நாள், எல்லாம் பெயர் பெயராக, நாள் நாளாக வந்து விழுந்தது. ஒரு தகவலும் தப்பவில்லை. அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு டிவியைப் பார்க்கவில்லை, அய்யாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மறதின்னு யாரு சொன்னா?" என்றார் மெதுவாக.

"யாரோ சொன்னாங்கண்ணே," என்றேன்.

சென்னைக்குப் போவதைப் பற்றி அன்றைக்கும் பேச்சு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. கிளம்புகிற அன்று காலையில் அண்ணன் அந்தப் புதுப் பெட்டியைக் காரில் ஏற்றப் போனார். அய்யா தடுத்தார். "வெறும் பெட்டியத் தூக்கிக்கிட்டு ஊருக்குப் போவாகளா? இங்கன வை." அதைத் திண்ணையில் திறந்து வைத்து, புது நெல் குத்திய அரிசி, பாதிக்கு மேல் பனங்கிழங்கு, போன வருஷத்து மிளகாய் வற்றல், கொஞ்சம் மொச்சை என்று திணித்தார். பெட்டி மூட மறுத்தது. நானும் அண்ணியும் மேலே உட்கார்ந்து அமுக்கி ஜிப்பை இழுத்தோம். தன் துணிக்காக வந்த பெட்டியை அய்யாவே தூக்கிக் காரில் வைத்தார்.

கார் கிளம்பும்போது அண்ணன் கண்ணாடியை இறக்கி, "அய்யா, போய்ச் சேந்துட்டுப் போன் போடுறேன்," என்றார்.

"போடு. ஏழு மணிக்கு மட்டும் போடாத," என்றார் அய்யா.